நேஷனல் லீக்: பதினொரு சீசன் ஓடி, பெயர் மாறிப்போன கதை

வேலூர் சி.எம்.சி. பக்கம் லாட்ஜ் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கொல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிற பெரியவர்கள், சாயங்காலம் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஃபுட்பால் பேசுகிறார்கள். பேச்சில் 'நேஷனல் லீக்' என்று அடிக்கடி அடிபடுகிறது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தெரியும், ஐ-லீக் கேள்விப்பட்டதுண்டு, இது என்ன புதிதாக? தமிழ்நாட்டு டீம் எதுவும் அதில் ஆடியதா? ஏன் நின்றுபோனது? கொல்கத்தா கிளப்பான மோகன் பகான் ஐந்து தடவை சாம்பியன் என்று ஒருவரும், மூன்றுதான் என்று இன்னொருவரும் மல்லுக்கட்டுகிறார்களே, யார் சொல்வது சரி?

மல்லுக்கட்டை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நேஷனல் ஃபுட்பால் லீக் என்ற பெயரில் 1996-97 முதல் 2006-07 வரை 11 சீசன்கள் நடந்தன. அதில் மோகன் பகான் ஜெயித்தது 1997-98, 1999-2000, 2001-02 என மூன்று தடவை. 2007-ல் அதே லீக்குக்கு ஐ-லீக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் 2014-15, 2019-20 என இன்னும் இரண்டு. இரண்டையும் ஒரே தேசிய லீக்காகச் சேர்த்து எண்ணுகிறவருக்கு ஐந்து, பிரித்து எண்ணுகிறவருக்கு மூன்று. ஐ.எஸ்.எல். பட்டங்கள் இந்தக் கணக்கிலேயே வராது.

மூன்று என்று சொன்னவர், கொல்கத்தாவின் இன்னொரு பெரிய கிளப்பான ஈஸ்ட் பெங்காலின் ரசிகராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த கிளப்புக்கும் நேஷனல் லீக்கில் மூன்று பட்டம்: 2000-01, 2002-03, 2003-04. ஐ-லீக் காலத்தில் ஒன்றுகூட இல்லை. பிரித்து எண்ணினால் இரண்டு கிளப்பும் சமம், சேர்த்து எண்ணினால் ஒன்று பின்தங்கிவிடும். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் வாயில் நேஷனல் லீக் இவ்வளவு வருவதற்குக் காரணமே இதுதான். அவர்கள் ஜெயித்த தேசிய லீக் எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

சரி, லீக் கதைக்கு வருவோம்.

1996-க்கு முன்னால் இந்தியாவில் ஃபுட்பாலுக்குக் குறைச்சல் இல்லை, லீக்தான் இல்லை. டெல்லியில் டூரண்ட் கப், பம்பாயில் ரோவர்ஸ் கப், கொல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, கோழிக்கோட்டில் நாக்ஜி, 1977-லிருந்து ஃபெடரேஷன் கப், மாநிலங்களுக்கு சந்தோஷ் டிராஃபி. பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு டீம் வருடம் முழுக்க ரயிலில் ஊர் ஊராகப் போய் கப் ஆடும். ஒரு நாள் கால் சரியில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உள்ளூர் லீக்குகள் இருந்தன. கொல்கத்தா லீக் 1898-லிருந்தே நடக்கிறது, சென்னைக்கும் தனி லீக் உண்டு. ஆனால் கோவா டீம் எப்படி, கொல்கத்தா டீம் எப்படி என்று மாதக்கணக்கில் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்க வழியே இல்லை.

அப்போது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, காங்கிரஸ் அரசியல்வாதி. 1988-லிருந்து 2008 வரை அந்த நாற்காலி அவரிடம்தான் இருந்தது. அவர் காலத்தில் பிலிப்ஸ் கம்பெனி ஸ்பான்சராக வர, 1996-ல் லீக் ஆரம்பமானது. முதல் சீசனில் 12 டீம்களை இரண்டு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு நான்கு என எட்டு டீம்களை எடுத்து, அவற்றுக்குள் முழு லீக் நடத்தினார்கள். அந்த எட்டில் மோகன் பகான் இல்லை! நாட்டிலேயே பழைய பெரிய கிளப்புகளில் ஒன்று, நாட்டின் முதல் லீக்கின் கடைசிச் சுற்றுக்கே வரவில்லை. முதல் சாம்பியன் பஞ்சாபின் பக்வாராவிலிருந்து வந்த ஜே.சி.டி. மில்ஸ். ஒரு துணி மில்லின் டீம். சுக்விந்தர் சிங் கோச், பாய்ச்சுங் பூட்டியா 14 கோல். கொல்கத்தாவும் கோவாவும் வேடிக்கை பார்த்தன.

அந்த அவமானம் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. அடுத்த சீசனில் கேரளாவின் டி.கே. சாத்துண்ணி கோச்சாக இருந்து மோகன் பகானுக்குப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 1998-99-ல் கோவாவின் சால்கோக்கர். அதற்கப்புறம் ஐந்து வருடம் கோப்பை கொல்கத்தாவை விட்டு நகரவே இல்லை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மாற்றி மாற்றி எடுத்தன. மொத்தப் பட்டியலை இப்படி வைத்துக்கொள்ளலாம்: கொல்கத்தாவுக்கு 6, கோவாவுக்கு 3, பஞ்சாபுக்கும் மும்பைக்கும் ஒவ்வொன்று. மும்பையின் அந்த ஒன்று 2005-06-ல் மகிந்திரா யுனைடெட் எடுத்தது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயம் இன்றும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும். 1998-ல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரீஸ், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பங்கு வாங்கியது. ஒன்று மெக்டவல்ஸ் மோகன் பகான் ஆனது, இன்னொன்று கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால் ஆனது. மோகன் பகான் ஜெயித்தால் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து கிடக்கும் ரசிகர்கள், ஒரே முதலாளியின் இரண்டு சரக்கு விளம்பரத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த மீன் சாப்பாட்டுக் கடைகளில், இந்த இரண்டு கிளப்பும் மோதும் டெர்பி நாளன்று இறாலா ஹில்சாவா என்ற பேச்சு காதில் விழுந்தால், அதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சண்டைதான்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெரிய அளவில் வந்ததும் இந்த லீக்கில்தான். உஸ்பெகிஸ்தானின் இகோர் ஷ்க்விரின், பிரேசிலின் ஜோஸ் பாரெட்டோ, கானாவின் யூசுஃப் யாகுபு, நைஜீரியாவின் ராண்டி மார்ட்டின்ஸ், ஒடாஃபா என்று வரிசையாக. யாகுபு சர்ச்சில் பிரதர்ஸுக்காக 2001-02-ல் 18 கோல், அடுத்த சீசனில் 21 கோல். இதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. 11 சீசனில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பிடித்த இந்தியர்கள் இரண்டே பேர். முதல் வருடம் பூட்டியா. இரண்டாவது வருடம், 1997-98-ல், ஈஸ்ட் பெங்காலுக்காக 10 கோல் அடித்த ராமன் விஜயன். தமிழ்நாட்டுக்காரர். அதற்கப்புறம் ஒன்பது வருடமும் வெளிநாட்டுக்காரர்கள்தான். கேரளத்தின் ஐ.எம். விஜயன் பெயர் பெரிதாக இருந்ததால் இந்த விஜயனை நிறையப் பேர் அவரோடு குழப்பிக்கொள்வார்கள். உங்கள் லாட்ஜ் பெரியவர்கள் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

அவர்களிடம் குலோத்துங்கன் என்று சொல்லிப் பார்த்தாலும் முகம் மலரும். தஞ்சாவூர்க்காரர். கொல்கத்தாவில் காலியா என்று கூப்பிட்டார்கள். நடுக்களத்தில் ஆடியவர். சுபாஷ் பௌமிக் கோச்சாக இருந்த ஈஸ்ட் பெங்கால் 2003-ல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சசானாவை 3-1 என்று அடித்து ஆசியான் கிளப் கோப்பையைத் தூக்கியதே, அந்த டீமில் இருந்தார். அதே சீசனில் லீக்கும் கிடைத்தது. 2018 ஜனவரியில் தஞ்சாவூர்ப் பக்கம் நடந்த சாலை விபத்தில் இறந்துபோனார். கொல்கத்தாவில் அவருக்காக வருந்தியவர்கள் தமிழ்நாட்டில் வருந்தியவர்களைவிட அதிகம் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சாவு என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2003-04-ல் ஈஸ்ட் பெங்காலுக்காக 15 கோல் அடித்து முதலிடத்தில் நின்றவர் பிரேசிலின் கிறிஸ்டியானோ ஜூனியர். அடுத்த சீசனுக்கு கோவாவின் டெம்போ அவரை எடுத்தது. 2004 டிசம்பர் 5, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம், மோகன் பகானுக்கு எதிராக ஃபெடரேஷன் கப் ஃபைனல். இரண்டு கோலும் அவர்தான் அடித்தார். இரண்டாவதை அடிக்கும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தவர் எழவில்லை. மைதானத்தில் அவசர சிகிச்சைக்குச் சரியான ஏற்பாடு இருந்ததா என்று நாடு முழுக்கப் பேசினார்கள். டெம்போ அவருடைய 10-ம் எண் ஜெர்சியை வேறு யாருக்கும் தருவதில்லை என்று முடிவெடுத்தது. அந்த சீசன் லீக்கை அர்மாண்டோ கொலாசோவின் டெம்போதான் ஜெயித்தது. தேசிய லீக் என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு, அதில் ஆடுகிற டீம்களின் ஃபைனலுக்கு மைதான ஓரத்தில் என்ன ஏற்பாடு இருந்தது என்பதைப் பார்த்தாலே, சம்மேளனம் எந்த லட்சணத்தில் நடந்தது என்று புரிந்துவிடும்.

இனி தமிழ்நாட்டு டீம். இருந்தது: இந்தியன் வங்கி. சென்னை நேரு ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு இந்த லீக்கில் நம் மாநிலத்தின் முகமாக இருந்தது அதுதான். இந்தியாவுக்கு ஆடிய ஸ்ட்ரைக்கர் சையத் சபீர் பாஷா அதன் ஆள். பெரிய கிளப்புகளை அவ்வப்போது மடக்கிப் போடும், பட்டத்துக்குப் போட்டி போடாது, கீழே இறங்காமல் தப்பிக்கப் பார்க்கும். ஒரு கட்டத்தில் தப்பிக்க முடியாமல் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. கடைசி சீசன் நடந்த 2006-07-ல் முதல் டிவிஷனில் தமிழ்நாட்டு டீம் கிடையாது.

ஒரு வங்கி எதற்காக ஃபுட்பால் டீம் வைத்துக்கொள்ளும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நம் ஜில்லாவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காட்டில் ஃபுட்பால் என்றால் அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ் மைதானங்கள், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர்) டோர்னமென்ட்கள், வேலூரில் ஊரீசு கல்லூரி கிரவுண்ட், நேதாஜி ஸ்டேடியம். அங்கே ஒரு பையன் நன்றாக ஆடினால் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சர்டிஃபிகேட்டை எல்லாம் பத்திரமா வச்சுக்கோ, ஸ்போர்ட்ஸ் கோட்டா வரும்." சதர்ன் ரயில்வே, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், ஏதாவது ஒரு வங்கி. ஜோலார்பேட்டைப் பையனுக்கு ஐ.சி.எஃப். வேலை கிடைத்தால் அதுவே அவனுடைய கோப்பை. ஓய்வு பெறும் வரை சம்பளம், அப்புறம் பென்ஷன். முப்பது வயதில் முட்டி போனாலும் கவுண்டரில் உட்காரலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஃபுட்பாலை ஐம்பது வருடம் காப்பாற்றியதே இந்த ஏற்பாடுதான்.

ஆனால் ஒரு தேசிய லீக் ஓட வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கி வருகிற ஜனம் வேண்டும், தோற்றால் சோறு இறங்காத ஆள் வேண்டும். இந்தியன் வங்கி தோற்றால் வேலூரில் யாருக்காவது சோறு இறங்காமல் போயிருக்குமா? பாஸ்புக் வைத்திருக்கிறோம் என்பதற்காக ஒரு டீமுக்குக் கத்த முடியாது. பெங்களூரின் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., மும்பையின் ஏர் இந்தியா, திருவனந்தபுரத்தின் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், பஞ்சாப் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை என எல்லாம் இதே வகைதான். ஆட்டம் தரமாக இருக்கும், ஆடுகிறவர்கள் திறமைசாலிகள், கேலரி காலி. ஊருக்கென்று கிளப் இருந்த கொல்கத்தாவிலும் கோவாவிலும்தான் லீக்குக்கு ரத்த ஓட்டம் இருந்தது. பட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே போய் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

கிளப்பாகவே ஆரம்பித்து முழுநேரத் தொழிலாக நடத்தலாம் என்று முயன்ற கதையும் ஒன்று உண்டு, நம் பக்கத்து மாநிலத்தில். 1997-ல் எஃப்.சி. கொச்சின். ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி என்று பெரிய பெயர்களைக் காசு கொடுத்து எடுத்தார்கள். முதல் வருடமே டூரண்ட் கப் ஃபைனலில் மோகன் பகானை 3-1 என்று அடித்தார்கள். கேரளமே குதித்தது. ஐந்து வருடத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி, கடன், 2002 வாக்கில் கதை முடிந்தது. ஜனம் இருந்தும் ஏன் இப்படி? செலவு முழுக்க கிளப் தலையில், வரவு எங்கிருந்தும் இல்லை. டிவி உரிமையில் பெரிய பங்கு கிடையாது, ஸ்பான்சர் பணம் சம்மேளனத்துக்குப் போகிறது, டீமை நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அழைத்துப் போகிற செலவுக்கே கை கடிக்கும்.

லீக் ஏன் நின்றது என்றால் என் பதில் இதுதான். கப் டோர்னமென்ட்களுக்காக வளர்ந்த டீம்களை அப்படியே எடுத்து, மேலே லீக் என்று ஒரு பலகை மாட்டினார்கள். அந்த டீம்கள் சம்பாதிக்க வழி செய்யவில்லை. கிரிக்கெட்டைக் குறை சொல்வது சுலபம். கேபிள் டிவி வந்த அதே பத்து வருடத்தில் கிரிக்கெட் எங்கேயோ போனது உண்மைதான். ஆனால் ஃபுட்பால் ஆட்டங்களை வேலை நாளில் மத்தியான வெயிலில் வைத்ததற்கும், ஒரு வருடம் குழுச் சுற்று, இன்னொரு வருடம் நேர் லீக் என்று ஆட்ட வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்ததற்கும் கிரிக்கெட் என்ன செய்யும்?

2005 வாக்கில் ஜீ ஸ்போர்ட்ஸோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டபோது நம்பிக்கை வந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் தொழில்முறை லீக் வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தது. 2007 நவம்பரில் ஐ-லீக் பிறந்தது. பத்து டீம். எட்டு பழைய நேஷனல் லீக்கிலிருந்து வந்தவை, மீதி இரண்டு சால்கோக்கரும் விவா கேரளாவும். முதல் சாம்பியன் யார்? நேஷனல் லீக்கின் கடைசி சாம்பியனான அதே டெம்போ. பலகை மாறியது, கடை மாறவில்லை. ஸ்பான்சர்கூட நேஷனல் லீக்கின் கடைசிக் காலத்தில் இருந்த அதே ஓ.என்.ஜி.சி.தான்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 2010-ல் மகிந்திரா தன் டீமைக் கலைத்தது. ஜீ ஒப்பந்தம் பாதியிலேயே முறிந்தது. அதே வருடம் டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ், சம்மேளனத்தின் வணிக உரிமைகளுக்கு 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய் என்று உள்ளே வந்தது. 2011-ல் முதல் சாம்பியன் ஜே.சி.டி. மூடப்பட்டது. டிவியில் தெரியாத ஆட்டத்துக்குச் செலவு செய்து என்ன பயன் என்பதுதான் மில்காரர்கள் சொன்ன காரணத்தின் சாரம். 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. 2016-ல் டெம்போ, சால்கோக்கர், ஸ்போர்ட்டிங் என கோவாவின் மூன்று கிளப்புகள் ஐ-லீக்கை விட்டு வெளியேறின. நேஷனல் லீக்கை ஜெயித்த ஆறு டீம்களில் இரண்டு கலைந்துவிட்டன, இரண்டு பல வருடம் கோவாவுக்குள் சுருங்கிக் கிடந்தன. விடாமல் மேல்மட்டத்தில் ஆடுகிறவை கொல்கத்தாவின் இரண்டு மட்டும்தான். தோற்றால் சோறு இறங்காத ஆட்கள் அவற்றுக்குத்தான் இருக்கிறார்கள்.

நேஷனல் லீக் பெயரில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்காதது ஐ-லீக் பெயரில் ஒரு தடவை கிடைத்தது. 2018-19-ல் சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்ப் பையன்கள், முன்னால் வெளிநாட்டுக்காரர் பெட்ரோ மான்சி 21 கோல். கடைசி நாள் 2019 மார்ச் 9. கோவையில் மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருக்கிறது. இங்கே தோற்று அங்கே ஜெயித்தால் பட்டம் கொல்கத்தாவுக்கு. மான்சி பெனால்டியில் சமன் செய்தார், பிறகு டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டு அடித்து 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போய்விட்டது. அதனால் ஈஸ்ட் பெங்கால் பெரியவர் யாராவது தங்கியிருந்தால் சென்னை சிட்டி பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

அந்த வருடம் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டியே இல்லை. வங்கி டீமாக இல்லாமல் கிளப்பாக இருந்தும், சாம்பியனாக ஆகியும், அதே வரவு செலவுக் கணக்கில்தான் இதுவும் சிக்கியது. இந்தியன் வங்கி லீக்கிலிருந்து இறங்கியபோது அதன் ஆட்டக்காரர்களுக்காவது மறுநாள் காலையில் போய் உட்கார ஒரு நாற்காலி இருந்தது.